கூடிப்போன எண்பது தட்டுகள்

தொழிற்சாலை உணவகத்தின் தலைமைச் சமையற்காரர், காலையில் வாயிலுக்குள் நுழையும் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தே மதியத்துக்கு எத்தனை தட்டு என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து தட்டுக்கு மேல் பிசகியதில்லை. தட்டுச் சோசியர் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஆகவே, நிறுவனம் தன் பங்குகளை ஊழியர்களுக்கு விற்பதாக அறிவித்து, இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கு பிறகு வெளிவரும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டபோது, அவர் கலங்கவில்லை. முந்நூறு தட்டு இரண்டே மாதத்தில் முந்நூற்று எண்பதாகியிருந்தது. ஆள் கூடியிருந்தால் வேலை கூடியிருக்கும்; வேலை கூடியிருந்தால் லாபமும் கூடியிருக்கும். கேட்கும் விலையைப்போல் ஒன்றரை மடங்கு பெறும் பங்கு என்று முடிவுகட்டி, உண்ண வந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தார்.

விண்ணப்பத்துக்கு இன்று நான்கு மணி கெடு. போடவிருந்த பணமோ, புது வாடகை வீட்டுக்கென வைத்திருந்த முன்பணம். பழைய வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

“அந்த எண்பது பேரு எதுக்கு வந்திருக்காங்கன்னு கேட்டீங்களா?” என்றாள் மனைவி, காலையில்.

“வேலைக்குத்தான். பின்ன, என் கைமணத்துக்கா?”

“அதுக்கு யாரும் வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? என்ன வேலைன்னு கேட்டீங்களா?”

மதியம் முழுக்க அது முள்ளாய் உறுத்தியது. பந்தி ஓய்ந்து, மூன்றே முக்கால் மணிக்குக் கடைசியாக வந்த புதியவரிடம் கேட்டேவிட்டார்.

“நீங்க எந்தப் பிரிவுங்க?”

“பிரிவெல்லாம் இல்லண்ணே. மூணாவது கூடத்து மெஷினைக் கழட்டுறோம்.”

“கழட்டிட்டுப் புதுசு மாட்டுவாங்களோ?”

“அது எங்களுக்குச் சொல்லல. கழட்டத்தான் கூப்பிட்டாங்க. இன்னொரு கரண்டி போடுங்க.”

கரண்டி கையிலேயே நின்றது. புது இயந்திரம் வரலாம், கூடமே மூடப்படலாம். சமையலில் கணிப்பு தவறினால் இரண்டு மணிக்குள் பாத்திரம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பாத்திரத்தின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. அவர் எண்ணியது வாய்களைத்தான், வேலையை அல்ல.

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்த ஊதியப் பிரிவு எழுத்தர் நிமிர்ந்தார்.

“வாங்க சோசியரே, உங்க தட்டை நம்பி நானும் எழுதிப் போட்டுட்டேன்.”

“எடுத்துடுங்க சார். அந்த எண்பது பேரும் மெஷினைக் கழட்ட வந்தவங்க.”

“அப்ப கம்பெனி மூழ்குதா?”

“அதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்.”

சுவர்க் கடிகாரத்தில் நான்குக்கு எட்டு நிமிடம். எழுத்தர் விண்ணப்பக் கட்டை இழுத்துத் தம்முடையதைத் தேடத் தொடங்கினார். கட்டு தடிமனாக இருந்தது. புரளும் தாள்களில் தாம் தினமும் சோறு போடுகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தபடி, தம்முடைய விண்ணப்பத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே கசக்கிக்கொண்டு நின்றார் சமையற்காரர்.