பாதியாகப் பிரிக்காத மத்தியானம்

தம்பி துபாய்க்குக் கிளம்பிய அன்று, திருப்பதி அலுவலகத்தில் பில் போடும் மென்பொருளைச் சரிபார்க்க எழுதிய சோதனை நிரல்களில் ஒன்று தோற்றுக்கொண்டே இருந்தது. தனியாக ஓட்டினால் தேறும். மற்ற சோதனைகளோடு ஓட்டினால் விழும். அதைச் சரிசெய்தால்தான் அவனை வழியனுப்ப ஊருக்கு, சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

சோதனைகளைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டினால் கெடுப்பது எதுவென்று சீக்கிரமே தெரிந்துவிடும். மேதாவியான நான், பக்கத்து இருக்கைக்காரர் எழுதியவற்றையே ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். சாயங்காலம்தான் பிரித்துப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் அகப்பட்டது. நான் எழுதியதுதான்! பில்லைத் தெலுங்குக்கு மாற்றிய என் சோதனை, அதைத் தமிழுக்குத் திருப்பாமல் விட்டதில், தமிழ் பில்லை எதிர்பார்த்த அடுத்த சோதனை விழுந்திருந்தது.

போன் செய்தபோது தம்பியின் பஸ் சித்தூரை விட்டுக் குடிபாலாவையும் தாண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நீ வூட்லயும் அப்டிதானேண்ணா? தெலுங்குல பூந்தா தமிழுக்குத் திரும்பவே மாட்ட. போய்க்கினு இருக்கேன், நீ துன்னுட்டுப் படு," என்று சிரித்தான்.

அவன் பெட்டியைத் தூக்கி ஏற்றியது கண்டக்டராம்.