விலை குறையப்போவது எனக்குத் தெரியும்

நேரு வீதியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு வருஷம் நின்றேன். உட்கார நாற்காலி கிடையாது. சம்பளம் தந்தது கடைக்காரர் அல்ல, ஃபிட்னஸ் பேண்ட் கம்பெனி. எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று கையிலேயே காட்டும் பட்டை; அதை விற்பதுதான் என் வேலை. பக்கத்துக் கவுண்டரில் போட்டிக் கம்பெனிக்கு இன்னொருத்தி நின்றாள். அவளுடைய பேண்டும் அதையேதான் காட்டியது. வாசலில் ஆள் நுழைந்தால் இருவரும் பாய்வோம். மதியம் சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவோம்.

அவள் கம்பெனிக்காரர்கள் விலையில் ஐந்நூறு குறைத்தால் நாங்கள் எழுநூறு குறைப்போம். அதற்குள் ஆன்லைனில் எவனோ இன்னும் மலிவாகக் கொண்டுவருவான். ஒருநாள் காலையில் எங்கள் கம்பெனி மேனேஜர் போன் செய்தார்.

"நாளையிலேர்ந்து பாதி வெலம்மா. இன்னிக்குள்ள பழைய வெலைக்கு முடிஞ்ச வரைக்கும் தள்ளிடு. கஸ்டமர்கிட்ட மூச்சு விடாத."

அன்று மாலை வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். புருஷனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"நடந்துட்டேன் நடந்துட்டேன்னு பொய் சொல்றாரும்மா. இதுல தெரிஞ்சிடுமா?"

"ஒவ்வொரு அடியும் தெரியும்க்கா."

மூவாயிரத்து அறுநூறு என்றதும் தயங்கினார். "நாளைக்கு மவன கூட்டிக்கினு வந்து வாங்கிக்கட்டுமா?"

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மாத டார்கெட்டைத் தொட்டு ஊக்கத்தொகை வாங்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் குறைந்தது.

"நாளைக்கு இந்த வெல இருக்காதுக்கா" என்றேன்.

பொய்யே இல்லை. காலையில் போன் பேச்சைக் கேட்டிருந்த பக்கத்துக் கவுண்டர்க்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா பணத்தைக் கட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் கடை திறந்ததும் வந்து நின்றார். மகன் செல்போனில் புது விலையைக் காட்டியிருக்கிறான். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று பில் போடுகிறவர் சொல்லிவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"காசு போனா போவுது. ஒன்னே ஒன்னு சொல்லு. வெல கொறையப்போவுதுன்னு ஒனக்கு அன்னிக்கே தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுக்கா. கம்பெனில திடீர்னு கொறச்சிட்டாங்க."

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சரிம்மா. நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"நானா இருந்தாலும் அதத்தான்டி சொல்லியிருப்பேன்" என்றாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி. அவளைப் பொறுத்தவரை அது எனக்கு ஆறுதல். அதன்பிறகு அவளோடு சேர்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவும் இல்லை.

அந்த மாத ஊக்கத்தொகையைப் புது விலைக்குக் கணக்குப் பார்த்துப் பாதியாகத்தான் போட்டார்கள். மேனேஜரைக் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார். மூன்று மாதம் கழித்து இரண்டு கம்பெனிகளும் எங்கள் இருவரையும் ஒரே வாரத்தில் நிறுத்தின. இந்த விலைக்கு ஆள் வைத்து விற்றால் கட்டுப்படியாகாதாம்.