பதினோரு தாய்மீன்கள்

கெண்டை முட்டைக்கு உப்பு ஆகாது. ஹார்மோன் ஊசி போட்டால் தாய்மீன் முட்டை விடும், அதில் சிரமமில்லை. ஆனால் ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் அந்த முட்டை மறுநாளே வெளுத்துப் போய்விடும். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை என்ன செய்தன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர் என் அம்மா. எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது.

அதனால் மீன் மரபியல் படித்து முடித்து, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தத் தண்ணீரிலேயே முட்டை பொரிக்கிற நாட்டுச் சேல்கெண்டை வேண்டும். ஆலங்காயத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஏரியிலிருந்து மீன் பிடித்து வந்தோம். எந்தத் தாயின் முட்டை உப்புத் தண்ணீரில் கொஞ்சமாவது பொரிந்ததோ, அதன் குஞ்சுகளை மட்டும் வளர்த்தோம். அவற்றிலும் பொறுக்கினோம். மூன்றாம் தலைமுறைக்கு வர ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்த ஏரியில் யாரோ கட்லா என்கிற வளர்ப்புக் கெண்டைக் குஞ்சுகளைக் கொட்டிவிட்டார்கள்; இனம் கலந்துபோயிற்று. பழைய மீன் அங்கே இனிக் கிடைக்காது. எங்கள் தொட்டியில் தேறியவை பதினோரு தாய்மீன்கள். ஒவ்வொன்றின் முதுகுச் சதையிலும் அரிசி அளவுக்கு ஒரு சிப் வைத்திருந்தேன். கருவியைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு சத்தம் கொடுத்து மீனின் எண்ணைக் காட்டும்.

மழைக்கு முந்தைய வாரம். தாய்மீன்களெல்லாம் வயிறு நிறையச் சினையோடு இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் கல்யாணத்துக்காக வாணியம்பாடி போய்விட்டேன். திங்கள் காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் ஆண் மீன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

வலை போடுகிற பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலிடத்து அதிகாரி ஒருவர் நேற்றுக் குடும்பத்தோடு வந்தாராம். குளத்து மீன் சாப்பிட ஆசைப்பட்டாராம். பெரிய மீனாகப் பிடிக்கச் சொல்லி எங்கள் நிலையத் தலைவரே தொட்டியைக் காட்டினாராம்.

“நம்பர் வச்ச மீனு சார், வேணாம்னு சொன்னேன் மேடம். நம்பர் வச்சா இன்னா, ருசி கம்மியாயிடுமான்னு கேட்டாரு.”

அப்படிக் கேட்ட எங்கள் தலைவர் மரபியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

கருவியை எடுத்துக்கொண்டு விருந்தினர் விடுதிக்குப் பின்னாலிருந்த குப்பைக்குழிக்குப் போனேன். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வாழை இலையையும் முள்ளையும் கிளறக் கிளறக் கருவி ஒவ்வொரு எண்ணாகக் காட்டியது. பத்து எண்கள் வந்தன. பதினோராவது கிடைக்கவேயில்லை. அதை விழுங்கிய புண்ணியவான் யாரென்று தெரிந்திருந்தால் அவர் தொப்பையிலும் கருவியை வைத்துப் பார்த்திருப்பேன். சமையல்காரர், நிலைமை புரியாமல், சினை வறுவலை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த ஆளைக் குறை சொல்லி என்ன பயன்?

தலைவர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, என் திட்ட நீட்டிப்புக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். அதில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.

“கரண்ட் போச்சு, காத்து மெஷின் நின்னுடுச்சு, மீன் செத்துடுச்சுன்னு எழுதிடுங்க. இந்த ஊர்ல நடக்காததா?”

எழுதினேன். பதிவேட்டில் எழுதினேன், அறிக்கையில் எழுதினேன், பிறகு ஆய்வுக் கட்டுரையிலும் எழுதினேன். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. தலைவர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

போன வருஷம் விரிஞ்சிபுரம் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் வந்தாள். அவள் கிணற்றில் விட்ட குஞ்செல்லாம் இரண்டு தடவை செத்துப் போயிற்றாம். உப்புத் தண்ணீரில் பொரிக்கிற கெண்டை எங்கள் நிலையத்தில் இருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன், எனக்குக் கொஞ்சம் குஞ்சு கொடுங்கள் என்று கேட்டாள்.

கரண்ட் போய் எல்லாம் செத்துவிட்டது என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அத்தினி வருசம் பாடுபட்டு வளத்தீங்களே மேடம்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மின்வாரியத்துக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.