கும்மிடிப்பூண்டியில் புகைந்த ராணுவ அடுப்பு

நானும் என் கணவரும் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறோம். ராணுவம் கழித்துவிட்ட டீசல் அடுப்பு வண்டி ஒன்றை அவர் ஏலத்தில் எடுத்தார். பட்டாளத்துக்கே பொங்கிப் போட்ட அடுப்பு என்று பெருமை வேறு.

ஒரு கம்பெனியின் ஆயுத பூஜை விருந்துக்கு அவர்கள் வளாகத்திலேயே அதை முதன்முதலாகப் பற்றவைத்தோம். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்து, கரும்புகை கக்கியது. டீசலைக் குறைத்தோம், கூட்டினோம், புகை அடங்கவில்லை. அதற்குள் பக்கத்துக் கம்பெனியில் சைரன் அலறியது. நாலைந்து பேர் தீயணைப்பு சிலிண்டரோடு சுவரேறிக் குதித்து ஓடிவந்தார்கள்.

"அடிச்சிடாதீங்கண்ணா! சாம்பார் கொதிக்குது!" என்று அண்டாவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன்.

"இன்னாம்மா, தீப்புடிச்சிக்கினு எரியுதுன்னு ஓடியாந்தா, சாம்பாரா?" முதலில் வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

என் கணவருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. அடுப்பை நிறுத்திவிட்டு, தீக்குக் காற்று ஊதும் விசிறியின் வாயில் கையை விட்டு, கரி படிந்த துணியொன்றை இழுத்தார். அவருடைய பனியன்!

"எலி பூந்துடப் போவுதுன்னு நான்தான் அடைச்சி வெச்சேன்," என்றார்.

எல்லாரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபப்படக்கூட வழியில்லை. மறுபடி பற்றவைத்ததும் தீ நீலமாக எரிந்தது. வந்தவர்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம்.

அதுவரை பக்கத்துக் கம்பெனியில் யார் வேலை செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. புகையைக் கண்டதும் அவர்கள் விலகி ஓடவில்லை, முகம் தெரியாத எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். அதை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. பிறகு அந்தச் சுவர் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன்.