சாமான் வாங்கினவர்கள்

ஃபீனிக்ஸ் பே குடியிருப்பில் மீன்காரி சூசைமேரிக்கு நல்ல பெயர் கிடையாது. வாய்க்குப் பூட்டு இல்லாதவள் என்பார்கள். அவளும் அந்தப் பெயரை மாற்ற மெனக்கெட்டதில்லை. வாயை மூடிக்கொண்டதற்காகத்தான் ஒரு தடவை வருந்தியிருக்கிறாள். தீவுக்கு வருமுன் ஊரில் இருந்தபோது தம்பி மிக்கேல் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தான். கேட்டால் நோகுமே என்று விட்டுவிட்டாள். அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். தற்கொலை என்பதால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை, பாதி ஊர்மேல், பாதி தன்மேல்.

1964-இல் பக்கத்து வீட்டுக் குமாஸ்தா பக்தவத்சலம் தீவை விட்டு மெயின்லேண்டுக்கே போய்விடப்போவதாகச் சொன்னான். மனைவி அலமுவும் குழந்தையும் பிரசவத்தில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரேயடியாகப் போகிறவர்கள் கப்பலுக்கு முன்பே சாமான்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவது தீவில் வழக்கம். அடுப்பு ஒருவருக்கு, கட்டில் ஒருவருக்கு என்று கொடுத்தான். எல்லோரும் கண்கலங்கி வாங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டு இந்திராணி தனக்குக் கிடைத்த டிரங்குப் பெட்டியைக் காட்டியபோதுதான் சூசைமேரிக்கு உறைத்தது. நாலு நாள் கப்பலில் போகிறவன் துணிமணியை எதில் வைப்பான்?

கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே அவன் வீட்டுக்குள் போனாள். அவன் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, டிக்கெட் எங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சாகணும்னு நெனைக்கியா?"

பின்னாலேயே வந்த இந்திராணி பதறிப்போனாள். "என்னக்கா பேச்சு இது? இல்லாததை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீங்களே."

"நான் கேக்காட்டா அவன் நெனைக்க மாட்டானாக்கும்? சும்மா இரு."

பக்தவத்சலம் "ஆமாக்கா" என்றான். அதன்பிறகு அழுதான். நான்கு மாதமாக ஆம்பிளை அழலாமா என்றுதான் அவனைத் தேற்றியிருந்தார்கள்.

அன்று மீன் விற்கவில்லை. கூடை நாறட்டும் என்று அவனோடு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பியபோது, அவனுடைய ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, 'பெரிய பாபு' கோவிந்தராஜ் வந்து வழிமறித்தார். "போலீஸ் கேசாகும், வேலை போகும். விஷயத்தை மூடி வைம்மா."

"மூடி வச்சுத்தான் ஒருத்தனைப் பறிகொடுத்தேன், பாபுஜி. கேசு போடணும்னா எம்மேல போடச் சொல்லுங்க. தள்ளி நில்லுங்க."

திரும்பி வந்ததும் வாசலில் நின்று குடியிருப்புக்கே கேட்கும்படி சொன்னாள்: "சாமான் வாங்கினவங்க யாரும் திருப்பித் தர வேண்டாம். ஆளுக்கொரு நாள் இவன்கூட இருங்க. கட்டில் வாங்கினவங்க ரெண்டு நாள்."

முணுமுணுத்தார்கள், ஆனால் வந்தார்கள். கப்பல் அவன் இல்லாமலே போயிற்று.

ஒரு வாரம் கழித்து அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இன்னும் அந்த நெனப்பு வருதுக்கா."

"வரும். வந்தா எங்கதவைத் தட்டு. திட்டுவேன், ஆனா தெறப்பேன்."

அந்த மழைக்காலத்தில் பக்தவத்சலம் ஆறு தடவை கதவைத் தட்டினான். ஆறு தடவையும் நன்றாகத் திட்டு வாங்கினான்.