கடைசி மாவு

மகேந்திரராசா கை வைத்தால் துருப்பிடித்த மெஷினும் ஓடும். ஊரெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தது அவரேதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், டென்மார்க்கில் சில்க்போர்க் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மெஷின் ஓட்டினார். பென்சன் எடுத்ததும், முன்பு மா அரைத்த பழைய காற்றாலை மியூசியத்தில் தொண்டுக்குச் சேர்ந்தார். ஆறாம் மாதமே அதன் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவர் கையில்.

"வெள்ளைக்காரர் சும்மா தருவினமோ? ஆளைப் பார்த்துத்தான் தந்தவை."

சரஸ்வதி பூசை வந்தது. தொழிற்சாலையில் வருடா வருடம் மெஷினைத் துடைத்து, ஃபோர்மன் காணாமல் ஒரு பொட்டு வைத்தவர், ஆலை முழுவதும் தன் பொறுப்பில் இருக்கும்போது சும்மா இருப்பாரா? சனிக்கிழமை தனியாகப் போய் ஆலையின் மாடித் தட்டுகளைக் கூட்டினார். கல் கொத்தும் சுத்தியல்களைக் கழுவினார். அரைகல்லின் கீழே மாப்பெட்டிக்குள் பழைய மாவு கறுத்து இறுகிக் கிடந்தது.

"இத்தினை வருசமா ஒருத்தருக்கும் இதை அள்ளத் தோன்றேல்லையே!"

சுரண்டி அள்ளி, வெளியே செடிப் பற்றைக்குள் கொட்டினார். பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மேலே ஆணியடித்திருந்த டேனிஷ் பலகையை அவர் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விபோர்க்கிலிருந்து பத்துத் தமிழரைக் கூட்டிவந்தார்.

"அண்ணை, நீங்கள் இல்லாட்டி இந்த மில் சுத்தாது போல," என்று சீண்டினான் அவர்களில் ஒருவனான சுஜிந்தன்.

"ஓமடா. பின்ன?"

மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் கீர்ஸ்டன், இந்த ஆலையின் கடைசி ஆலைக்காரரின் மகள். வந்தவர்களுக்கு டேனிஷில் விளக்கிக்கொண்டே மாப்பெட்டியடிக்கு வந்தாள்.

"அப்பா கடைசியாக அரைத்த மாவு இதற்குள் அப்படியே இருக்கிறது. அவர் அளைந்து பார்த்த விரல்தடம்கூட..."

மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வெறும் பலகை. விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு.

"போன கிழமை வந்த பள்ளிப் பிள்ளைகளாக இருக்கும்," என்றாள் கடைசியில்.

பொட்டைக் கண்ட பத்துத் தமிழருக்கும் ஆள் யாரென்று தெரியும். சுஜிந்தன் நிலத்தைப் பார்த்தான். அவன் சீண்டியிருந்தால்கூட மகேந்திரராசா தாங்கியிருப்பார்.

"பிள்ளைகள் இல்லை. நான்," என்றார் டேனிஷில். "துப்புரவாக்கினேன்."

"தொடவேண்டாம் என்று பலகையில் எழுதியிருக்கிறதே!"

முப்பது வருடமாக, யாரும் வாசிக்கச் சொன்னால் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சமாளித்து வந்தவர் அவர். இன்றைக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடி சட்டைப்பையில் எல்லோரும் பார்க்க இருந்தது.

"எனக்கு... டேனிஷ் வாசிக்கத் தெரியாது."

இறங்கி ஓடிப்போய்ப் பற்றையை விலக்கினார். இரவு பெய்த மழையில் மாவு கரைந்து, சேற்றோடு சேறாகியிருந்தது. கொஞ்சத்தை விரலால் வழித்தார். மண்தான் வந்தது.

கையைக் கழுவிவிட்டு மேலே ஏறி, திறப்பைக் கீர்ஸ்டனிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.