அக்கி என்றால் நெருப்பு

இந்த ஊர்த் தெலுங்கில் தீப்பெட்டியை அக்கிப்பெட்டி என்பார்கள். கல்யாணமாகி வேலூர்ப் பக்கத்திலிருந்து சிகந்திராபாத் வந்து நாற்பத்தாறு வருஷம் ஆகியும், கடையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு உதட்டுக் கொப்புளம்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் அக்கி என்றால் அதுதான். குயவர் காவிக்கல்லைக் குழைத்துக் கோழி இறகால் அதன்மேல் எழுதுவார். சின்ன வயசில் எனக்கு ஆறியது. இரண்டாங்கிளாஸ் படித்தவள் நான். என் எழுத்தைவிட அந்த எழுத்தை நம்பினேன்.

மார்பில் புற்று என்று மூன்றாவது கீமோ ஏற்றிய வாரம், உதட்டோரம் கொத்தாய்க் கொப்பளித்தது. பக்கத்துத் திருமுல்கேரியிலிருந்து, அக்கி எழுதத் தெரிந்த என் நாத்தனாரை வரவழைத்தேன். பாதி உதடு எழுதியிருப்பாள், என் தெலுங்கு மருமகள் சுஜாதா உள்ளே வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். காவி சுவரெல்லாம் தெறித்தது, வெட்டுக்குத்து நடந்த வீடு மாதிரி. என் தாடையை இறுக்கிப் பிடித்து ஈரத்துணியால் துடைத்தாள். கொப்புளம் உடைந்தது. அறைந்தேன். என் வளையல் அவள் கழுத்தைக் கீறியது. அவள் விடவில்லை. சாவணும்னா மண்ணை வெச்சுக்கோ என்று தெலுங்கில் கத்திக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன ஆச்சு என்றாள். "அக்கி" என்றேன். அவள் முகம் மாறியது. யார் செய்தது என்றாள். உடைத்தவள் இவள்தானே? "கோடலு" என்று மருமகளைக் காட்டினேன். பாய்ந்து சுஜாதாவின் மணிக்கட்டை முறுக்கினாள். கிழவி வாயில் நெருப்பு வைத்தாயா, போலீசைக் கூப்பிடுகிறேன் என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. என் உதடு எரிந்த எரிச்சலுக்கு, முறுக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

சுஜாதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "போலீசை அப்புறம் கூப்பிடு. முதல்ல எங்க அத்தம்மாவுக்கு ஜுரம் இருக்கான்னு பாரு."

எழுந்து நின்றேன். "நக்கோ அம்மா, வேணாம். நெருப்பு இல்லை, மண்ணு. வெச்சுக்கிட்டது நானு" என்றேன், தெரிந்த பாஷையெல்லாம் கலந்து.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். கீமோவில் வெள்ளை அணு குறைந்திருக்கும். புண்ணில் மண் பட்டால் கிருமி ரத்தத்தில் ஏறி ஆளையே கொல்லும் என்றார். கொப்புளம் தலைகாட்டினதுமே வந்தால் அதற்கு மாத்திரை உண்டு, நாமாக எதுவும் பூசக் கூடாது. தொடாதே, உரிக்காதே, துண்டும் தம்ளரும் தனி, பேத்திக்கு முத்தம் கூடாது, ஜுரம் என்றால் அந்த நிமிஷமே வா. கீமோ ஏற்றிக்கொள்ளும் நம் பெண்டுகளுக்காகத்தான், மானத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

உதடு ஆறிவிட்டது. சுவரில் காவி போகவில்லை, சுஜாதா கழுத்தில் கீறல் போகவில்லை. எழுதும்போதுதான் பார்க்கிறேன்: அவர்கள் நெருப்பும் எங்கள் புண்ணும் வாயில் வேறு வேறாய் வருகின்றன; அவர்கள் 'க' கங்கையின் கடைசி 'கை' மாதிரி தடித்து வரும். எனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே சொல்.